கவட்டைப் பாறைக்கு இந்தப் பக்கம்

ஷேர் ஆட்டோவிலிருந்து முதலில் குடம் இறங்கும். அதற்குப் பிறகுதான் என் அக்கா தேவகி இறங்குவாள்.

பித்தளைக் குடம். வாயில் மாவிலை செருகி, அதன் மேல் ஈரத் துண்டை இறுக்கிக் கட்டியிருக்கும். கூட்டு ரோட்டிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் பள்ளமும் மேடும்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் குடம் தளும்பி, அக்காவின் புடவை முன்பக்கம் முழுக்க நனைந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்களின் காலும் நனைந்திருக்கும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர், காலில் பட்டால் நல்லது என்று நகராமல் உட்கார்ந்து வருவார்கள்.

நாங்கள் இருப்பது ஆந்திராவில், ஆட்டோக்காரர் தெலுங்கில் கேட்பார். "செருவு அலுகு பாரிந்தா அக்கா?" ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் கல்லைத் தாண்டி வழிகிறதா என்று கேட்கிறார்.

"பாரிந்திப்பா, நேத்து சாயங்காலமே!" அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

நான் வாசலில் நின்று சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தொண்டைக்குக் கீழே ஓர் இடம் மிளகாய் அரைத்த கை மாதிரி காந்தும். ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டுவேன்.

இந்தத் தொடரில் என் பள்ளிக்கூடத்தை எழுதினேன், என் மாமியாரை எழுதினேன். இந்த வாரம் என் பொறாமை. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அதை எழுத வேண்டுமென்றால் ஒரு மலையையும் ஓர் ஓடையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

குடம் வரும் முறை

எங்கள் பக்கத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கலங்கல் கல்லுக்கு மஞ்சள் பூசிப் புடவை சார்த்துவார்கள். தேங்காய் உடைப்பார்கள். அதன் பிறகு, வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்கள் ஆளுக்கு ஒரு குடம் பிடிப்பார்கள். அந்தக் குடம் அம்மா வீட்டுக்குப் போகும். அம்மா இல்லையென்றால் கூடப் பிறந்தவள் வீட்டுக்குப் போகும்.

வாங்குகிறவள் அதில் கொஞ்சத்தை நிலைப்படியில் ஊற்ற வேண்டும். மிச்சத்தைக் கிணற்றில் சேர்க்க வேண்டும். குடத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. நெல்லோ வேர்க்கடலையோ போட்டுத் தர வேண்டும்.

எங்கள் அம்மா நாங்கள் சிறுமிகளாக இருக்கும்போதே போய்விட்டாள். ஆக, அக்காவின் குடம் என் வீட்டுக்குத்தான் வரும். என் குடம் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். வந்தது எல்லாம் அவள் குடம்தான். என் குடம் கல்யாணத்துக்கு வாங்கியபடி பரணில் கிடந்தது.

ஓடை பிரியும் இடம்

எங்கள் மலைக்குப் பெரிய பெயர் கிடையாது. திருப்பதி அடிவாரத்தில் அலிபிரியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியுமே, சுவர் எழுப்பின மாதிரி செம்பாறை, அந்த அழகெல்லாம் இதற்கு இல்லை. நாகலாபுரத்தைச் சுற்றி நிற்கும் மலைகளில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறையின் அடியில் ஊற்று. கோடையிலும் அங்கே கை நனையும். மழை பெய்தால் நாலு பக்கச் சரிவிலிருந்தும் சின்னச் சின்னக் கால்களாகத் தண்ணீர் இறங்கி வந்து ஊற்று நீரோடு சேரும். சேருகிற இடம் கரடிமடு. பாறைக்கு நடுவே ஆழமாக, பச்சையாக இருக்கும். இலை விழுந்தால் அடி வரைக்கும் போவது தெரியும்.

இப்போது சனி ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்து பையன்கள் பை மாட்டிக்கொண்டு வந்து அதில் குதிக்கிறார்கள். இங்கிலீஷில் ஏதோ பெயர் வைத்துப் போனில் படம் போடுகிறார்கள். அவர்கள் மேலும் எனக்குப் பொறாமைதான். குளித்து, தலை துவட்டி, வண்டியேறிப் போய்விடலாம். தண்ணீர் அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போனால் அவர்களுக்கு என்ன?

எங்களுக்கோ எல்லாமே அதற்குப் பிறகுதான்.

மடுவிலிருந்து இறங்கும் ஓடை கொஞ்ச தூரத்தில் ஒரு பாறையில் மோதி இரண்டாகப் பிரிகிறது. கவண் செய்ய வெட்டும் கவட்டைக் குச்சி மாதிரி இருப்பதால் அதற்குக் கவட்டைப் பாறை என்று பெயர். கிழக்குக் கால் குறுகல், ஒரு ஆள் எட்டித் தாண்டிவிடலாம். மேற்குக் கால் நல்ல அகலம், மாட்டு வண்டியே திரும்பும். கிழக்குக் கால் அக்கா வாக்கப்பட்ட பனங்குப்பத்து ஏரிக்குப் போகிறது. மேற்குக் கால் நான் வாக்கப்பட்ட வேலங்கண்டிகை ஏரிக்கு வருகிறது. இரண்டு ஏரியின் மிச்சமும் கடைசியில் ஆரணியாற்றில் கலந்து தமிழ்நாட்டுக்குப் போய்விடும். போவதற்குள் யார் எவ்வளவு பிடித்து நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான் பிழைப்பு.

நான் தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராக இருந்தவள். மழை மலையின் எந்தச் சரிவில் விழுகிறதோ அந்தப் பக்கத்து ஓடைக்கே அது சொந்தம் என்று பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மிவிடும். டீச்சருக்குச் சளி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளைக்கு முன்னால் ஏரி

நைனா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பா, புத்தூர்ப் பக்கத்தில் மானாவாரிக்காரர். வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலி வந்தவர். தன் இரண்டு பெண்களையும் ஏரி இருக்கும் ஊரில்தான் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்தக் காலத்தில் அவர் மட்டும் என்றில்லை, எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் ஏரிக்கரையில் போய் நிற்பார்கள்.

நைனா கரையோடு நிற்கவில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே ஓடை என்று கேள்விப்பட்டதும் மலையேறிக் கவட்டைப் பாறைக்கே போய்விட்டார். தோள் துண்டால் இரண்டு வாயையும் அளந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் தீர்ப்புச் சொன்னார்.

"பெரிய வாயி சின்னவளுக்கு. சின்ன வாயி பெரியவளுக்கு. தேவகி பொறுமசாலி, எப்டியோ ஓட்டிக்குவா."

நான் அவருடைய செல்லம். அது ஊருக்கே தெரியும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அக்கா வயிறு சரியில்லை என்று சொல்லி, சோறு துன்னாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அவள் பங்குக் கருவாட்டையும் சேர்த்துத் துன்றேன்.

நைனா செய்த தப்பு என்னவென்றால், அவர் ஓடையைக் கோடையில் போய்ப் பார்த்தார். கோடையில் இரண்டு காலிலும் மணல் மூடி, தரை ஒரே மட்டமாகத் தெரியும். முதல் மழைக்கு அந்த மணல் அடித்துக்கொண்டு போய்விடும். அப்போதுதான் தெரியும், குறுகலான கிழக்குக் கால் பாறையை அறுத்துக்கொண்டு ஒரு முழம் ஆழத்தில் இறங்கிப் போகிறது. அகலமான மேற்குக் கால் வெறும் தட்டு. சாதாரண மழைக்கு வரும் தண்ணீர் முழுக்கப் பள்ளமான அக்கா பக்கம் போகும். அது போதாமல் வெள்ளம் பொங்கினால்தான் மேற்கே ஒரு வாய் எட்டிப் பார்க்கும்.

கல்யாணமாகி முதல் மழைக்காலத்தில் நைனா என்னைப் பார்க்க வந்தார். வெடிப்பு விட்ட எங்கள் ஏரியைப் பார்த்தபடி கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"மணலு ஏமாத்திடிச்சிமா," என்றார்.

அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் அக்கா மேல்தான் வந்தது. அவள் என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு முழம்

எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு தரம் பனங்குப்பத்துக்காரர்களைக் கவட்டைப் பாறைக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். மேற்கு வாயையும் ஒரு முழம் செதுக்கிவிட்டால் இரண்டு ஊருக்கும் சமமாக வருமே என்று கேட்டார்கள். அக்காவின் மாமனார்தான் அந்த ஊருக்குப் பெரியவர்.

"சாமி பிரிச்ச தண்ணி இது. கடப்பாறை வெக்கிறதுக்கு நாம யாரு?" என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது. இனிமேல் இரண்டு ஊர்க்காரரும் கவட்டையில் இரும்பு வைப்பதில்லை என்று பாறை மேலேயே கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அந்த வருஷம் நல்ல மழை, எங்கள் ஏரியிலும் பாதிக்குத் தண்ணீர் இருந்தது. அதனால் எங்கள் ஆட்களும் வீறாப்பாகக் கற்பூரத்தை அணைத்துவிட்டு வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

அப்புறம் என்ன, அக்கா ரெண்டு போகம் நெல் வைத்தாள். கரையோரம் மாந்தோப்பு வைத்தாள். பங்காருபாளையத்திலிருந்து வியாபாரி அவள் தோப்பைத் தேடி வந்தான். நான் போர் போட்டு, அது வற்றி, இன்னொரு போர் போட்டு, கடைசியில் வேர்க்கடலையோடு நிறுத்திக்கொண்டேன். என் மாதச் சம்பளம் இல்லையென்றால் அதுவும் இல்லை.

அவள் பெருமை அடித்திருந்தால் ஒரு சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். அவளோ ஏரி மீன் பிடித்தால் எனக்கு ஒரு பங்கு கொடுத்தனுப்புவாள். மாங்காய் முதல் பறிப்பு எனக்கு வரும். என் பிள்ளைகள் "பெரிம்மா, பெரிம்மா" என்று அவள் மடியிலேயே கிடப்பார்கள். "ஒங்க அக்கா மனசு யாருக்கு வரும் டீச்சர்!" என்று தெருவே சொல்லும். ஆமாம் ஆமாம் என்று நானும் தலையை ஆட்டுவேன். ஏரியும் அவளுக்கு, நல்ல பேரும் அவளுக்கு.

வருஷா வருஷம் குடம் மட்டும் தவறாமல் வரும். நான் நிலைப்படியில் ஊற்றுவேன். கிணற்றில் ஊற்றுவேன். தண்ணீர் என்றால் கங்கம்மா, அந்தத் தெய்வத்தோடு விளையாடக் கூடாது என்ற பயம் எனக்கு உண்டு. ஒரு சொட்டு குறையாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றுவேன்.

புயல் வந்த வருஷம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு புயல் அடித்தது. மழை விடவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். மலையிலிருந்து கடமுட கடமுடவென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. இடி என்று நினைத்தேன். வெள்ளத்தில் பாறைகள் உருளுகிற சத்தம் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

விடிந்ததும் ஏரியைப் பார்க்கப் போனவர் தலையில் போட்டிருந்த சாக்கைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார்.

"ஏரி ஏறிக்கினு இருக்குதுடீ! மேக்கால தண்ணி கரைபொரண்டு வந்துக்கினு இருக்குது!"

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கலங்கல் கல்லை ஊரே சூழ்ந்து நின்றது. தண்ணீர் கல்லின் விளிம்பைத் தொட்டது, அங்கேயே கொஞ்ச நேரம் தயங்கி நின்றது, பிறகு ஒரு மெல்லிய தகடாக வழிந்து அந்தப் பக்கம் இறங்கியது. ஆம்பளைகள் விசில் அடித்தார்கள். நான் குடையை விட்டெறிந்துவிட்டு அழுதேன். வாக்கப்பட்டு வந்ததிலிருந்து ஒரு தடவைகூட நான் பார்க்காத காட்சி அது.

மழை விட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. மேலேயிருந்து உருண்டு வந்த ஒரு பாறை கிழக்குக் காலின் குறுகலான வாயில் அப்படியே செருகி உட்கார்ந்துவிட்டது. ஓடை மொத்தமும் எங்கள் பக்கம். ஊரெல்லாம் வெள்ளம் என்று அலறிய வருஷத்தில் பனங்குப்பம் ஏரிக்கு, அதன் மேல் நேராகப் பெய்த மழை மட்டும்தான்.

பனங்குப்பத்து ஆட்கள் கடப்பாறையோடு மலையேறினார்கள். முன்னால் அக்கா வீட்டுக்காரர். எங்கள் ஆட்களுக்கு மூக்கில் வேர்த்து, அவர்களும் ஏறினார்கள். அங்கே என் வீட்டுக்காரர் பாறைக்குக் குறுக்கே நின்று சொன்னாராம்:

"சாமி பிரிச்ச தண்ணி மச்சான். கடப்பாறை வெக்கிறதுக்கு நாம யாரு?"

அக்கா வீட்டுக்காரர் கடப்பாறையைத் தோளிலிருந்து இறக்கினார். அவருடைய அப்பாவே சொன்ன வார்த்தை. மெஷின் கொண்டு வரலாமா என்று யோசித்தார்கள். அது காட்டு இடம், மெஷின் ஏறக் கூடாது என்று பாரஸ்ட் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கடப்பாறைகள் வந்த வழியே இறங்கின.

இதைக் கேட்ட அன்றைக்கு நான் சேமியா பாயசம் வைத்தேன். முந்திரி போட்டு.

என் முறை

பரணிலிருந்து குடத்தை இறக்கினேன். புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மாவிலை செருகினேன். துண்டு கட்டினேன். கலங்கலில் பிடித்த குடத்தை இடுப்பில் வைத்தபோது அதன் கனம் எனக்குக் கனமாகவே தெரியவில்லை.

ஆட்டோவில் நான் எதிர்பார்த்தபடியே, உங்கள் ஏரியும் வழிந்ததா என்ற கேள்வி வந்தது.

"மீ செருவு கூட பாரிந்தா டீச்சரம்மா?"

"பாரிந்தி!" என்றேன். ஆட்டோவில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தரமும் சொன்னேன்.

பனங்குப்பம் ஏரிக்கரை மேலேதான் ரோடு போகிறது. உள்ளே சேறும், அங்கங்கே குட்டையுமாகத் தண்ணீர். நாற்று விட வைத்திருந்த கழனியெல்லாம் காலியாகக் கிடந்தது. பார்க்கவேண்டிய அளவுக்குப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். ஓடி வந்து குடத்தை வாங்கினாள். "யக்கா, வந்து பாருங்க, எங்க சின்னி கொடம் கொண்டாந்துக்கீறா!" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். காலில் தண்ணீர் ஊற்றினாள். குடத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"ராகு காலம் முடியட்டும், அப்பால ஊத்துறேன். நீ மொதல்ல துன்னு."

சோறு போட்டாள். நான் துன்றதைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். எங்கேயாவது ஒரு சுருக்கம், ஒரு வாட்டம். ஒன்றுகூட இல்லை. இந்த வருஷம் நெல் இல்லை, கொள்ளு விதைக்கப் போகிறோம் என்று ஊர்க்கதை சொல்வது போலச் சொன்னாள். "ஒனக்கு வந்துச்சே, அதுவே போதும்," என்றாள்.

எனக்குப் பாயசம் குடித்த சந்தோஷமெல்லாம் வடிந்தது. தண்ணீர் கைமாறியும் நான்தான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பொறாமையே இல்லாமல் இருக்கிறாளே என்று, அதற்கும் பொறாமை!

தொட்டி

ஆட்டோ நிறுத்தம் வரைக்கும் வந்தபிறகுதான் குடம் ஞாபகம் வந்தது. அவளும் தர மறந்துவிட்டாள், நானும் கேட்கவில்லை. குறுக்கு வழியாகத் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் போனேன்.

எருமைக் கொட்டகையில் அக்கா. என் குடத்தை இரண்டு கையாலும் தலைகீழாகக் கவிழ்த்து, எருமை குடிக்கும் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். உதறி உதறி ஊற்றினாள். மாவிலை சாணியில் கிடந்தது.

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"எருமைக்குத் தாகம்," என்றாள்.

"தொட்டி முன்னாலயே ரொம்பித்தானக்கா இருக்குது?"

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து நான் தேடிய முகம் அப்போதுதான் வந்தது.

"ஒரு நாளைக்கே இப்டி காந்துதுடீ. நீ இத்தினி வருசமா எப்டி சிரிச்சிக்கினே வாங்கினே?"

"பல்லு வலிக்கும். நீ ஆட்டோ ஏறினதும் சரியாப் பூடும்," என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"பெரிய வாயி சின்னவளுக்குன்னாரே நைனா, அன்னிக்கு வெச்ச நெருப்பு. நான் பொறுமசாலியாம், எப்டியோ ஓட்டிக்குவேனாம். ஏரி ரொம்பற வருசமெல்லாம் கொடத்தத் தூக்கிக்கினு ஏன் ஓடியாந்தேன்னு நெனச்சே? ஒன் மூஞ்சியப் பாக்கத்தான். ஒரு வாட்டியாச்சும் வாடுதான்னு பாப்பேன். நீ பல்லக் காட்டிக்கினு நிப்பே. நான் திரும்பிப் போற வழியெல்லாம் அழுதுக்கினு போவேன்."

அந்த நனைந்த புடவை எனக்கு ஞாபகம் வந்தது. அவள் வீடு போய்ச் சேருவதற்குள் அது காய்ந்திருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நான் போய் அவள் பக்கத்தில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். என்னை அவள் மன்னிக்கவும் இல்லை, அவளை நான் மன்னிக்கவும் இல்லை. எருமை வந்து எங்கள் ஏரித் தண்ணீரைச் சத்தமாகக் குடித்தது. அக்கா உள்ளே போய்க் குடம் நிறைய வேர்க்கடலை போட்டுக் கொண்டு வந்து கொடுத்தாள்.

அந்தப் பாறை இன்னும் கவட்டையில்தான் இருக்கிறது. யாரும் கை வைக்கவில்லை. போன மழையில் கொஞ்சம் அசைந்திருக்கிறது, அடியில் கிழக்குப் பக்கமாகத் தண்ணீர் கசிகிறது என்று ஆடு மேய்க்கப் போனவர்கள் சொல்கிறார்கள். இன்னும் ஒரு நல்ல வெள்ளம் வந்தால் அது உருண்டு போகலாம், அல்லது இன்னும் இறுகி உட்காரலாம்.

நேற்று மலை மேல் கறுத்துக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். போன் அடித்தது. அக்கா.

"மேகம் கட்டிக்கினு இருக்குது, பாத்தியா?"

"பாத்தேன்."

"கொடத்த வெளக்கி வெச்சிட்டேன்," என்றாள்.

"நானும்தான்," என்றேன்.